புலிமான்கோம்பை நடுகற்கள்

புலிமான்கோம்பை நடுகற்கள் என்பன தமிழ்நாட்டின் தேனி மாவட்டம், ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகை ஆற்றங்கரையில் உள்ள புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்ட மூன்று நடுகற்கள் ஆகும். இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழமையானவையாக இவை கருதப்படுகின்றன. எழுத்தமைதியைக் கொண்டு இவற்றின் காலம் பொதுவாக கி.மு. மூன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்படுகிறது. இதனினும் முற்பட்டவை என்ற கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு.

அமைவிடம்

வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் வைகை ஆறு, ஆண்டிப்பட்டிப் பகுதியைக் கடந்து கிழக்கு நோக்கித் திரும்பி மதுரைச் சமவெளியை அடைகிறது. மதுரையிலிருந்து மேற்கே செல்லும் நெடுவழி உசிலம்பட்டியையும் ஆண்டிப்பட்டிக் கணவாயையும் கடந்து இந்தப் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஆனையூர் முதலிய பழைய ஊர்கள் இவ்வழியை ஒட்டியே அமைந்துள்ளன. பெருங்கற்காலத்தைச் சேர்ந்த ஈமச்சின்னங்கள் இப்பகுதி முழுவதும் பரவலாகக் காணப்படுகின்றன.

கண்டுபிடிப்பு

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையினர், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் இப்பகுதியில் மேற்கொண்ட கள ஆய்வின்போது இக்கற்கள் கண்டறியப்பட்டன. அதுவரை தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த நடுகல் எதுவும் கிடைத்திருக்கவில்லை. அப்போது அறியப்பட்டிருந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை மாங்குளம், அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், விக்கிரமங்கலம் போன்ற மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் குகைத்தளங்களில் காணப்படுபவை. சமண முனிவர்களுக்குக் கற்படுக்கைகள் அமைத்துக் கொடுத்த கொடையாளர்களின் பெயர்களை அவை கூறுகின்றன.

கல்வெட்டுச் செய்தி

மூன்றனுள் ஒன்றின் செய்தி தெளிவாக உள்ளது. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு, கூடலூரில் நடந்த ஆகோளின் பொருட்டு எடுக்கப்பட்ட கல் என்பது அதன் பொருள். 'ஆகோள்' என்பது ஆநிரைகளைக் கவர்தலைக் குறிக்கும் சொல். தொல்காப்பியம் வெட்சித்திணையில் ஆளும் அதே சொல் இக்கல்லிலும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

இறந்தவன் நிரை கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதைக் கல் கூறவில்லை. கூடலூர் எது என்பதும் கல்லில் விளக்கப்படவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இப்பெயருடைய ஊர் இன்றும் உள்ளது. மதுரைக்கும் கூடல் என்ற பழம்பெயர் உண்டு.

ஏனைய இரு கற்களின் வாசகங்களும் ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றைக் கொண்டு அமைந்த சுருக்கமான தொடர்களே. மூன்று கற்களிலும் வீரனின் உருவம் செதுக்கப்படவில்லை.

இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொணரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், பெருஞ்சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. நடுகற்களில் வீரனின் பெயரும் பீடும் எழுதப்பட்டன என்றும், மயிற்பீலி சூட்டிக் கள் படைத்து அவை வழிபடப்பட்டன என்றும் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. எழுத்துகள் தேய்ந்து போனமையால் வழிச்செல்வோர் படிக்க இயலாது கடந்து சென்ற காட்சியும் அகநானூற்றில் உண்டு.

2006 வரை இச்செய்திகளுக்கு நேரடியான சமகாலச் சான்று இல்லை. எழுத்துடைய நடுகற்கள் பிற்கால வழக்கு என்று கருதவும், அதனைக் கொண்டு சங்கப் பாடல்களின் காலத்தைப் பின்தள்ளவும் இடமிருந்தது. புலிமான்கோம்பைக் கற்கள் அந்த ஐயத்தைப் பெரிதும் நீக்கின.

முக்கியத்துவம்

இக்கற்களில் அரசர் பெயர் இல்லை. சமயச் செய்தியும் இல்லை. மாடு மேய்த்து வாழ்ந்த ஊரார், தம்முள் ஒருவனின் சாவை எழுத்தில் பதிவு செய்துள்ளனர். எனவே அரசவை, வணிகர், துறவியர் ஆகியோருக்கு அப்பாலும் எழுத்தறிவு பரவியிருந்தது என்பதற்கு இவை வலுவான சான்றாகின்றன. வைகையின் கீழ்ப்பகுதியில் உள்ள கீழடி அகழாய்வில் கிடைத்த, ஆட்பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகளும் இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன.

பிற்கால நடுகற்கள்

திண்டுக்கல் மாவட்டம் தாதப்பட்டியிலும் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையிலும் தமிழ்ப் பிராமி நடுகற்கள் பின்னர்க் கிடைத்தன. பல்லவர் கால நடுகற்கள் வட்டெழுத்தில் அமைந்தவை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இவை மிகுதி. வில்லும் வாளும் ஏந்திய வீரனின் புடைப்புருவம் இவற்றில் இடம்பெறுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் உருவத்துடனும் பெயருடனும் நினைவுகூர்கிறது.

கிரேக்கக் கல்லறைக் கற்களுடன் ஒப்பீடு

பண்டைய கிரேக்கத்தில், சிறப்பாக ஏதென்சில், இறந்தோருக்குப் பளிங்கில் செதுக்கிய நெடும்பலகைகள் நடப்பட்டன. இவை 'ஸ்டெலே' எனப்படும். கி.மு. 510 அளவில் அரிஸ்டோக்ளிஸ் என்னும் சிற்பி செதுக்கிய அரிஸ்டியோன் கல்லில் கவசம் அணிந்த வீரன் நிற்கிறான். கி.மு. 394 இல் போரில் மடிந்த டெக்சிலியோஸ் என்னும் இளைஞனின் கல்லில், குதிரை மீதிருந்து அவன் பகைவனை வீழ்த்தும் காட்சி உள்ளது. ஹெகெசோ என்னும் பெண்ணின் கல்லில், பணிப்பெண் நீட்டும் பேழையிலிருந்து அவள் அணிகலன் எடுக்கிறாள்.

கிரேக்கக் கற்கள் பெரும்பாலும் குடும்பத்தார் எடுத்தவை, செல்வத்தையும் காட்டியவை. கி.மு. 317 அளவில் ஃபலேரோன் நகரத்து டிமெட்ரியோஸ் இயற்றிய ஆடம்பரத் தடைச் சட்டத்தால் ஏதென்சில் இக்கலை நின்றுபோனது. தமிழக நடுகல் மரபு அதன் பின்னரும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. கிரேக்கக் கல் இறந்தவனின் நினைவைப் போற்ற, தமிழக நடுகல் அவனைத் தெய்வமாகவே ஆக்கியது.

பாதுகாப்பு

கி.மு. 479 இல் பாரசீகர் வெளியேறிய பின் ஏதென்சு மக்கள் விரைந்து மதில் எழுப்பியபோது கல்லறைக் கற்களையும் அதில் வைத்துக் கட்டினர் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறிப்பிடுகிறார். தமிழ்நாட்டிலும் பல நடுகற்கள் படிக்கற்களாகவும் துவைகற்களாகவும் மாறி அழிந்துள்ளன. மாறாக, வேடியப்பன், பட்டவன் முதலிய பெயர்களில் வழிபாட்டில் உள்ள கற்கள் ஊராராலேயே காக்கப்பட்டு வருகின்றன. உருவம் இல்லாத தொன்மையான கற்களுக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை. பார்வைக்கு அவை வெறும் பாறைத்துண்டுகளாகவே தோன்றுவதால், எழுத்து உள்ளதா என்று பார்க்கப்படும் முன்பே உழவுப் பணியிலும் கட்டுமானப் பணியிலும் மறைந்துவிடும் நிலையில் உள்ளன.