கல்குடாக் கரையும் மார்ஸ்ட்ராண்ட் தீவும்



களுவாஞ்சிக்குடியிற் பிறந்தவனுக்குக் கடல் என்பது கண்டு வியக்கும் பொருளன்று. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றிடரிலே எங்கள் ஊர் அமைந்திருக்கின்றது. ஞாயிறு எழும் பக்கமாதலின் இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் வயலும் காடுமாய் விரிந்த கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இரவு முழுவதும் அலையோசையைக் கேட்டே உறங்கி வளர்ந்தோம். ஆயினும், ஓய்வெடுப்பதற்காகக் கடற்கரைக்குப் போவது என்ற பேச்சை என் இளமையில் நான் கேட்டதில்லை. கரைவலை இழுக்கப் போனார்கள்; மீன் வாங்கப் போனார்கள்; ஆடி அமாவாசையில் தந்தையரை நினைந்து நீராடப் போனார்கள்; இறந்தவரின் சாம்பலைக் கரைக்கப் போனார்கள். வேலையும் கடனும் முடிந்தால் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஓய்வுக்காகவே மக்கள் நாடி வரும் கடற்கரை ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்துள்ள கல்குடா, பாசிக்குடா என்னும் இரட்டைக் குடாக்களே அவை. அவற்றின் வரலாற்றைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். ஆனால் அதற்கு முன்னர் உங்களைச் சற்றுத் தொலைவான ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் சுவீடன் தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள மார்ஸ்ட்ராண்ட் என்னும் சிறு தீவு நகரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் பாசிக்குடாவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இன்னதென்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

கோத்தன்பேர்க் என்னும் துறைமுக நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரத்தில் அத்தீவு உள்ளது. மோட்டார் வண்டிகளை எதிர்க்கரையில் நிறுத்திவிட்டு, குருமண்வெளித் துறையில் மண்டூருக்குத் தோணி ஏறுவதைப் போல ஒரு பாதையில் ஏறிச் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். வெளிறிய வண்ணம் தீட்டிய மரவீடுகள், கல் பாவிய ஒடுங்கிய தெருக்கள், குன்றின் உச்சியில் கார்ல்ஸ்டென் கோட்டை. நான் சென்றது அவர்களுடைய கோடைகாலம். ஆயினும் கடல்நீரில் இறங்கிய நான் ஒரு நிமிடம் நிற்கவில்லை. எலும்பு வரை குளிர்ந்தது. அந்நீரிலே கிழவிகள் இருவர் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு நிதானமாக நீந்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த அமைதியைக் கண்டு மயங்கிய நான், பிறகு அவ்வூரின் கதையைக் கேட்டபோது வேறு விதமாக எண்ணத் தொடங்கினேன். மார்ஸ்ட்ராண்ட் முதலில் நோர்வே அரசருக்கு உரிய ஊர். 1658-ஆம் ஆண்டு ரொஸ்கில்டே உடன்படிக்கையால் அது சுவீடன் வசமாயிற்று. அதே 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியதை நேயர்கள் நினைவுகூரலாம். மட்டக்களப்புக் கோட்டையோ அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1638-இல், ஒல்லாந்தர் வசமாகிவிட்டது. கார்ல்ஸ்டென் கோட்டையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் விலங்கிட்ட கைதிகள். பெண்வேடம் பூண்டு களவாடுவதிற் பேர்போன லாஸ்ஸே மாயா என்பவன் அங்கே கால் நூற்றாண்டு சிறையிருந்து, 1838-இல் மன்னிப்புப் பெற்றான். இன்று அவன் பெயர் சிறுவர் கதைப் புத்தகங்களிலும் வழங்குகிறது. கள்வரைக் காலம் எவ்வளவு அன்பாக நடத்துகிறது, பாருங்கள்!

பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கடலிலே எரிங் மீன் வந்து குவிந்தது. எரிங் என்பது நம்மவர் சாளை என்று சொல்லும் மீனுக்கு உறவானது. 1747 முதல் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்த மீன்வளம் நீடித்தது. கரையெங்கும் உப்புப் பதனிடும் கொட்டகைகளும் எண்ணெய் காய்ச்சும் ஆலைகளும் எழுந்தன. துர்நாற்றமும் பணமும் ஒருங்கே பெருகின. 1775-இல் அரசன் அவ்வூரைச் சுங்கத் தீர்வையில்லாத் துறைமுகமாக்கினான்; பிறநாட்டு வணிகரும் பிறமதத்தவரும் அங்கே குடியேற இடங்கொடுத்தான். அச்சலுகை இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1809 அளவில் மீனும் போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போயிற்று என்று இன்றும் ஆராய்கின்றனர். ஊர் வறுமையுற்றது. அந்த வறுமையின் மேலேதான் கடல்நீராடும் நகர் எழுந்தது. 1880-களில் இரண்டாம் ஒஸ்கார் மன்னன் கோடைதோறும் வரத் தொடங்கியபின் சீமான்களும் சீமாட்டிகளும் பின்தொடர்ந்தனர். மீன் விட்டுச் சென்ற வீடுகளிலே விருந்தினர் புகுந்தனர்.

கடல்நீர் உடம்புக்கு மருந்து என்ற எண்ணமே ஐரோப்பாவில் அப்போது புதிது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் 1750-இல் இலத்தீன் மொழியில் ஒரு நூலெழுதிக் கடல்நீரிற் குளிக்கவும், அதைக் குடிக்கவுங்கூட நோயாளருக்கு விதித்தார். தமிழருக்கோ கடலாடல் அவ்வளவு புதிதன்று. சிலப்பதிகாரத்திலே கடலாடு காதை என்று ஒரு பகுதியே இருக்கின்றது. கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் சென்றது இன்பமாய்ப் பொழுது போக்கத்தான். அங்கேதான் அவர்கள் பிரிந்தார்கள் என்பது வேறு. வைகாசி தோறும் கண்ணகி கோயில்களிலே வழக்குரை படிக்கும் மட்டக்களப்பாருக்கு இக்கதையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காதை காட்டும் கரையிலே பண்டம் விற்போர் விளக்கும், மீன்பிடி படகின் விளக்கும், வேற்றுநாட்டார் விளக்கும் ஒருங்கே எரிகின்றன. விளையாட வந்தவருக்காக வலைஞர் கரையைக் காலி செய்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இனிக் கல்குடாவுக்கு வருவோம். கல் நிறைந்த குடா கல்குடா. பாசி படர்ந்த குடா பாசிக்குடா. பெயரிட்டவர்கள் அங்கே தொழில் செய்தவர்களே என்பதைப் பெயர்களே சொல்லும். பாசிக்குடாவிலே நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாது. அலைகளின் வேகத்தை முருகைக் கற்பாறைகள் வெளியே தடுத்து நிறுத்திவிடுகின்றன. எங்கள் களுவாஞ்சிக்குடிக் கரையில் அப்படி இறங்கினால், மூன்றாவது அடியில் அலை காலை வாரிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாசிக்குடா கண்ணாடி போலக் கிடக்கும். வாடை தொடங்கினாலோ கல்குடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும்.

1928-இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்ததே இக்கரையின் முதல் திருப்பம். பொலன்னறுவையிலிருந்து வெலிக்கந்தை, புனானை என்று காட்டினூடே வரும் அப்பாதை, வாழைச்சேனையைக் கடந்து கல்குடாவிலே கடலை அணுகுகின்றது. புனானை என்றதும் பழையவர்களுக்கு ஆட்கொல்லிச் சிறுத்தையின் நினைவு வரும். 1924-இல் அது சுட்டுக் கொல்லப்பட்டது. அத்தகைய காட்டைக் கடந்து, கொழும்பில் இரவு வண்டியேறிய துரைமார் விடியற்காலையில் கல்குடாவில் இறங்கினர். வாடிவீடு ஒன்றும், தென்னந் தோப்புகளும், மீனவரின் வாடிகளுமே அந்நாளிற் கரையில் இருந்தவை. துரைமார் குளித்த நீரிலேயே தோணிகளும் மிதந்தன. ஒருவரையொருவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

அந்த நாட்களிலும் இக்கடல் எப்பொழுதும் சாந்தமாய் இருக்கவில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆந் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கி, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அக்கப்பல் இன்றும் ஆழத்திலே கிடக்கின்றது. முக்குளிப்பதில் விருப்பமுள்ள பயணிகள் அதைப் பார்க்கவென்றே வருகின்றனர்.

1966-இல் உல்லாசப் பிரயாண சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் விருந்தினருக்குரிய பகுதிகளுள் ஒன்றாக வகுத்தது. எழுபதுகளிலே கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் விடுதிகள் தோன்றின; வெள்ளையர் வந்தனர்; வாழைச்சேனைச் சந்தையில் இறாலின் விலை ஏறியது. 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி வீசிய சூறாவளியை அனுபவித்தவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேச இன்றும் விரும்புவதில்லை. கிழக்கிலே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விடுதிகளை மீண்டும் எழுப்பினர். 1983-இன் பின் போர் வந்தது. விருந்தினர் நின்றனர், விடுதிகள் இடிபாடாயின. மதிலின்மேல் ஆலமரம் முளைத்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பாசிக்குடா மிகவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை எவரும் விலைகொடுத்து நாடி வரவில்லை.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. நாவலடியிலும், கல்லடியிலும், எங்களுக்கு அயலான கல்லாற்றிலும் என்ன நேர்ந்ததென்று இங்கே விரிக்க மாட்டேன். அதன் பின்னர் அரசு விதித்த ஒரு விதியைத்தான் சொல்ல வேண்டும். 2005-இல் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. உயிர் காப்பதே காரணம் என்றார்கள். அலை கண்டு நடுங்கியிருந்த மக்கள் முதலில் அதனை மறுக்கவில்லை. ஆனால் உல்லாச விடுதிகளுக்கு அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு என்று தெரிந்தபோது, மீனவர் கேட்ட கேள்வி மிக எளியது: அலைக்கு விடுதி வேறு, குடிசை வேறு என்று தெரியுமா? எதிர்ப்பு வலுத்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே விதியைத் தளர்த்தத் தொடங்கினார்கள்.

மார்ஸ்ட்ராண்ட் எனக்கு நினைவில் எழுந்தது இங்கேதான். சுவீடனிலும் ஒரு 100 மீற்றர்ச் சட்டம் உண்டு. 1950-களிலே தொடங்கி, 1975-இல் நாடு முழுமைக்கும் பொதுவாக்கப்பட்ட அச்சட்டத்தின்படி, கடலோ ஏரியோ ஆறோ, கரையிலிருந்து 100 மீற்றருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்ப எவருக்கும் எளிதில் அனுமதி கிடையாது. கரை முழுவதையும் செல்வர் வேலியிட்டுக்கொண்டால் ஏனையோர் நீரைத் தொடுவது எப்படி என்ற கவலையிற் பிறந்த சட்டம் அது. விலக்குகள் அங்கும் உண்டு; வழக்குகளும் உண்டு. ஆயினும் அதன் கருத்து எவரையும் கரையிலிருந்து விலக்குவதன்று, எல்லாரையும் கரைக்கு வரவிடுவது. எங்கள் தெற்கிலும் மேற்கிலும் அளவு ஒன்றுதான், இங்கே 100, அங்கே 100. ஒன்று யாருக்காகக் கரையைக் காத்தது, மற்றது யாரிடமிருந்து காத்தது என்பதிலேதான் வேறுபாடு.

இவ்வளவு சொன்னதால் மார்ஸ்ட்ராண்டைத் தேவலோகம் என்று எண்ணிவிட வேண்டாம். கோடையில் நிரம்பி வழியும் அவ்வூரில் ஆண்டு முழுவதும் குடியிருப்போர் ஓராயிரத்துச் சொச்சம் பேரே. குளிர்காலம் வந்ததும் தெருத்தெருவாக வீடுகள் இருண்டு கிடக்குமாம். கரை எல்லாருக்கும் உரியதாயிற்று. வீடுகள் அப்படி ஆகவில்லை.

போர் முடிந்தபின் 2011 முதல் பாசிக்குடாவில் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. நீச்சற் குளங்களும், புல்வெளிகளும், வாயிற் காவலாளரும் வந்தனர். வேலை பெற்ற இளைஞரும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பொதுமக்கள் குளிக்க ஒரு பகுதி இருக்கின்றது. விடுமுறை நாட்களில் பேருந்துகள் அங்கே வந்து குடும்பங்களை இறக்குகின்றன. நான் சென்ற அன்று, வெள்ளைச் சீருடையோடு நேராகக் கடலில் இறங்கிவிட்ட பள்ளிச் சிறுவரை ஆசிரியை ஒருவர் குரல் கம்மக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குடாவின் ஒரு கோடியில் மட்டும் தோணிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், முன்னர் எங்கே தோணி ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் கையை உயர்த்தி விடுதிகளின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டினார். "கரை கிடக்கு மனே, தோணி ஏத்தத்தான் இடமில்ல" என்று சொல்லிவிட்டு, மீண்டும் வலையைப் பார்த்தார்.

மாலை வண்டியில் மட்டக்களப்புக்கு வந்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து ஊர் சேர இரவாகிவிட்டது. மறுநாள் விடியுமுன் களுவாஞ்சிக்குடிக் கரையிலே கரைவலை வளைத்திருந்தார்கள். கயிற்றில் ஓர் ஆள் குறைவாக இருந்தது. நானும் போய்ப் பிடித்தேன்.