1204: சிலுவைப் போர் வீரர்கள் கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடியது ஏன்?

சிலுவைப் போர் என்றாலே கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் நடந்த சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் நான்காவது சிலுவைப் போரில் சிக்கிச் சின்னாபின்னமானது ஒரு கிறிஸ்தவ நகரம். கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல்.

1187-ல் ஜெருசலேமை சலாஹுதீன் கைப்பற்றினார். அதை மீட்க 1198-ல் போப் மூன்றாம் இன்னசென்ட் அழைப்பு விடுத்தார். 33,500 பேரை ஏற்றிச் செல்ல வெனிஸ் நகரத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். கட்டணம் 85,000 வெள்ளி மார்க். வந்து சேர்ந்ததோ மூணில் ஒரு பங்கு பேர்தான். கப்பல் ரெடி, கையில் காசு இல்லை.

வெனிஸ் ஒரு வழி சொன்னது: ‘எங்களுக்கு அடங்காத ஸாரா நகரத்தைப் பிடித்துக் கொடுங்கள், பாக்கியை அப்புறம் பார்க்கலாம்’. ஸாராவும் கிறிஸ்தவ நகரம்தான். போப் தடுத்தும் கேட்காமல் 1202-ல் அதைத் தாக்கினார்கள். திருச்சபையை விட்டே அவர்களை விலக்கினார் போப். பிறகு மன்னிப்பு கேட்டதும் வெனிஸ்காரர்கள் தவிர மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தார் அலெக்சியஸ் என்ற பைசாந்திய இளவரசர். பதவி இழந்த தன் தந்தையை மீண்டும் அரியணையில் ஏற்றினால் 2,00,000 மார்க் தருவதாகவும், கிழக்குத் திருச்சபையை ரோமுக்குக் கீழ்ப்படியச் செய்வதாகவும் வாக்கு கொடுத்தார். 1203-ல் அரியணை கிடைத்தது. பணத்தைத்தான் அவரால் புரட்ட முடியவில்லை. சில மாதங்களில் அரண்மனைச் சதியில் கொல்லப்பட்டார்.

கிறிஸ்தவர்களையே கொல்வதா என்று வீரர்களில் பலருக்குத் தயக்கம் இருந்தது. அதைப் போக்கியது படையோடு வந்த பிஷப்புகள். ‘கிரேக்கர்கள் ரோமுக்கு அடங்காதவர்கள், துரோகிகள், இது நியாயமான போர்’ என்று பிரசங்கம் செய்தார்கள். தொடங்கியது கடனில்தான், ஆனால் கத்தியை எடுக்க வைத்தது இந்தப் பிரசங்கம்.

1204 ஏப்ரல் 13 முதல் மூன்று நாள் சூறை. ஹாகியா சோபியா தேவாலயமும் தப்பவில்லை. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை. விவரம் தெரிந்ததும் போப் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அங்கே அமைந்த புதிய லத்தீன் ஆட்சியை அவர் ஏற்றுக்கொண்டதும் உண்மை.

2001-ல் ஏதென்ஸ் சென்ற போப் இரண்டாம் ஜான் பால், இதற்காக வருத்தம் தெரிவித்தார். 2004-ல் இரண்டு புனிதர்களின் எலும்புகளை இஸ்தான்புல்லுக்குத் திருப்பி அனுப்பினார். அப்போது கொள்ளையடித்த நான்கு வெண்கலக் குதிரைகள் மட்டும் இன்னும் வெனிஸ் புனித மாற்கு தேவாலயத்தில்தான் இருக்கின்றன. வெளியே தெரிபவை நகல், அசல் உள்ளே.