சேனைக்குச் சோறிட்ட வழி

சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், சித்தூரைக் கடந்து பலமனேர் மேட்டுக்கு ஏறுமுன் பங்காருபாளையம் என்னும் ஊர் வருகிறது. பிழைப்பை நாடிக் கன்னட நாட்டில் குடியேறிய நம்மவர் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இவ்வழியே ஊர் திரும்புவதுண்டு. கோலாரை அடுத்த பங்காரப்பேட்டையோடு இதனை மயக்கிக் கொள்வாரும் உளர். அது புகைவண்டிச் சந்திப்பு. இதுவோ சாலையால் வாழும் ஊர். முன்னர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூர்ச் சீமை 1911-இல் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. எல்லைகள் மாறினாலும் சாலை மாறவில்லை. அச்சாலையில் ஏறிச் சென்ற ஒரு சேனையின் கதையை இன்று நாம் எடுத்துக்கொள்வோம். கதை போரைப் பற்றியதாயினும், நமது நாட்டம் வாளின்மீது அன்று, அரிசி மூட்டையின்மீது.

ஒரு பொருளை எங்கே கொள்வது, எவ்வழியே கொணர்வது, எப்பொழுது அனுப்புவது, யார் சுமப்பது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே வழங்கல் தொடரை நடத்தும் கலை. இன்று அதற்குப் பல்கலைக்கழகங்களில் பாடம் உண்டு, கணிப்பொறிகளும் உண்டு. அவை ஏதுமில்லாத காலத்தில் இவ்வினாக்களுக்குத் தவறாக விடை கண்டவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை 1790 முதல் 1792 வரை நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போர் தெளிவாகக் காட்டுகிறது.

அப்போரின் தொடக்கத்தில் கும்பினியின் தளபதி மெடோஸ் கொங்கு நாட்டின் வழியே மைசூரை அடைய எண்ணினார். கரூர், தாராபுரம், ஈரோடு, சத்தியமங்கலம் என்று ஊர்தோறும் களஞ்சியம் அமைத்துக்கொண்டே சென்று, கஜலஹட்டிக் கணவாயில் ஏறுவது அவரது திட்டம். ஏட்டில் பார்த்தால் குறையொன்றும் தோன்றாது. ஆனால் சங்கிலி நீள நீள அதனைக் காக்கும் ஆட்கள் குறைவர். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அதே கணவாயின் வழியே கீழே இறங்கினார். சத்தியமங்கலத்திலிருந்த படை பின்வாங்கியது. ஈரோடும் தாராபுரமும் அவர் கைப்பட்டன. கும்பினியார் சேர்த்த தானியம் கும்பினியாரின் பகைவருக்கே உணவாயிற்று.

அடுத்து, தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் தாமே படைத்தலைமை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். அவர் செய்த முதல் முடிவு வழியைப் பற்றியது. நெடிய கொங்கு வழியைக் கைவிட்டார். சென்னைக்கு அண்மையிலுள்ள வேலூர்ப் பக்கத்து வழியைத் தேர்ந்தார். 1791 பிப்ரவரியில் வேலூரை அடைந்து, ஆம்பூர்க் கணவாய்க்குப் போவதுபோல் போக்குக் காட்டினார். பின்னர்த் திடீரென வடக்கே திரும்பிச் சித்தூரைத் தொட்டு, பங்காருபாளையத்தை அடுத்த மொகிலிக் கணவாயில் ஏறினார். எதிர்ப்பே இல்லை. பிப்ரவரி 20-ஆம் நாளையொட்டிப் பெரும்பீரங்கிகள் உட்பட அனைத்தும் பலமனேர் மேட்டுக்கு வந்து சேர்ந்தன. மார்ச் 21-ஆம் நாள் இரவில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது.

வழி சரியாக அமைந்தது. ஆனால் ஒரு சரியான முடிவு, அடுத்து வரும் முடிவும் சரியாக இருக்கும் என்பதற்குப் பிணை ஆகாது. பெங்களூரைப் பிடித்த உற்சாகத்தில், மழைக்குமுன் சீரங்கப்பட்டணத்தை முடித்துவிடலாம் என்று மே மாதத் தொடக்கத்தில் அவர் புறப்பட்டார். துணைக்கு வந்த நிசாமின் குதிரைப்படை தானியத்தைக் கொணரவில்லை, இருந்ததைத் தின்றது. திப்புவோ வழிநெடுகப் புல்லையும் வைக்கோலையும் அழித்துவிட்டார். சேனையைச் சுமந்தவை குதிரைகள் அல்ல, எருதுகள். அவற்றுக்குத் தீனி இல்லை. பசியோடு நோயும் சேர்ந்தது. அவை ஆயிரக்கணக்கில் மடிந்தன. மடிந்த எருதின் இறைச்சியையே பாளையத்து ஏழை எளியோர் உண்ணும் நிலையும் வந்தது.

மே 15-ஆம் நாள் அரக்கெரேப் போரில் வெற்றி கிடைத்தது. வெற்றியால் வயிறு நிரம்புமா? பீரங்கியை இழுக்க எருது இல்லை, ஆற்றிலோ வெள்ளம். ஒரு வாரம் கழித்துக் கண்ணம்பாடியில், அத்துணை பாடுபட்டு மொகிலிக் கணவாயில் ஏற்றிய பெரும்பீரங்கிகளைக் காரன்வாலிஸ் தம் கையாலேயே அழிக்க நேர்ந்தது.

இதனினும் துயரமான செய்தி பின்னர் வருகிறது. சேனை பின்வாங்கத் தொடங்கிய சிறிது பொழுதில் எதிரே குதிரைவீரர் தோன்றினர். பகைவர் என்றெண்ணிச் சுடத் துணிந்தவர்கள், அவர்கள் மராட்டிய நண்பர்கள் என்று அறிந்து திகைத்தனர். மராட்டியர் அனுப்பிய தூதர்களைத் திப்புவின் குதிரையாட்கள் இடைவழியிலேயே மறித்துவிட்டிருந்தனர். மராட்டியர் பாளையத்தில் ஒரு பெரிய கடைத்தெருவே உடன் வந்தது. அங்கே தானியம் இருந்தது, விலை மட்டும் நெருப்பு. நட்புப் படை அருகில் வருகிறது என்னும் ஒரு செய்தி சில நாள் முன்னர்க் கிடைத்திருந்தால் அப்பீரங்கிகள் பிழைத்திருக்கக் கூடும். பொருள் வரும் வழி எவ்வளவு இன்றியமையாததோ, செய்தி வரும் வழியும் அவ்வளவு இன்றியமையாதது என்பது ஈண்டு நாம் கருதத்தக்கது.

இத்தோல்விக்குப் பின் காரன்வாலிஸ் விரையவில்லை. 1791 சூலையில் ஓசூரையும் இராயக்கோட்டையையும், அக்டோபரில் நந்திதுர்க்கத்தையும், டிசம்பரில் சாவணதுர்க்கத்தையும் பிடித்து, வண்டித்தடத்தை மேலிருந்து நோக்கும் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தம் வசமாக்கினார். முன்பு போருக்காக வழி தேடியவர், இப்பொழுது வழிக்காகப் போர் செய்தார்.

அன்றியும், சுமப்பவர் யார் என்னும் வினாவுக்குப் புதிய விடை கண்டார். அலெக்சாண்டர் ரீடு என்னும் அதிகாரி அதற்குத் துணை நின்றார். பின்னாளில் பாராமகாலின் முதல் கலெக்டராக இருந்தவர் அவரே. நாம் இலம்பாடியர் என்றும், ஆந்திரர் சுகாலியர் என்றும், வடவர் பஞ்சாரர் என்றும் வழங்கும் மக்கள் பரம்பரையாகத் தானிய வணிகர்கள். எருதின் இருபுறமும் கோணிப்பையைத் தொங்கவிட்டு, மனைவி மக்களோடு நாடெங்கும் நடப்பவர்கள். வண்டி போகாத தடத்திலும் அவர்கள் எருது போகும். வழியிலுள்ள புல்லே அதற்குத் தீனி. அவர்களை அதட்டிச் சரக்கைப் பறித்தால் மறுமுறை வரமாட்டார்கள். நல்ல விலைக்கு விற்கவிட்டு உயிருக்கும் பொருளுக்கும் காவல் தந்தால், அழையாமலே வருவார்கள். ரீடு இரண்டாவது வழியை மேற்கொண்டார். தானியம் வந்தது. 1792 பிப்ரவரியில் சேனை மீண்டும் சீரங்கப்பட்டணத்தின்முன் நின்றபோது பசி அதனைத் துரத்தவில்லை. மார்ச்சு மாதத்தில் உடன்படிக்கை ஆயிற்று. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார்.

கும்பினியின் வெற்றியை நாம் கொண்டாடவில்லை. அவ்வெற்றியே சில ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையங்களின்மீதும் ஆட்சிச் சுமையாக இறங்கியது. எருதின் அருமையை முதலில் உணர்ந்தவர் கும்பினியாரும் அல்லர். அமிர்தமகால் என்று பெயர் பெற்ற அரசு மாட்டுப் பண்ணையால்தான் ஐதரும் திப்புவும் வியக்கத்தக்க விரைவில் படை நடத்தினர்.

நம் நெஞ்சை உறுத்துவது வேறு. சேனைக்குச் சோறிட்ட இலம்பாடியர் பெற்ற கைம்மாறு என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. அவர்கள் வாணிகம் சாய்ந்தது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், காலப்போக்கில் அவர்களுள்ளும் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டனர். ஒரு காலத்தில் வருந்தி அழைக்கப்பட்ட நடைவணிகர், நடந்ததற்காகவே ஐயுறப்பட்டனர். அச்சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று பங்காருபாளையத்துச் சந்தையில் மூட்டை சுமந்த எருது இல்லை. மாம்பழ லாரிகள் நிற்கின்றன. தமிழர் கிளிமூக்கு மாங்காய் என்று சொல்லும் தோத்தாபுரி இங்கே மலைபோல் குவியும். பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்குப் போகும். 2025-ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபொழுது, கிலோவுக்கு 12 ரூபாய் என்றும், அதில் 8 ரூபாய் ஆலைகளும் 4 ரூபாய் அரசும் தருவதென்றும் ஆந்திர அரசு முடிவு செய்தது. அண்டை மாநிலத்துத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துள் வருவதும் தடுக்கப்பட்டது. கருநாடக அரசு அதனை மறுத்து எழுதியது. அரிசி ஆறு திங்கள் காத்திருக்கும். கனிந்த மாம்பழம் ஆறு நாளும் காத்திராது. ஆகவே முடிவுக்குரிய காலம் இன்னும் சுருங்கிவிட்டது. வினாக்கள் மட்டும் பழைய நான்கே.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும் பேருந்து மொகிலி இறக்கத்தில் மெல்ல இறங்கும்பொழுது, சாளரத்தின் வழியே அம்மலைச்சரிவைச் சற்று நோக்குங்கள். வழியைத் தேர்ந்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சுமந்தவர் பெயர் நிற்கவில்லை. ஆயினும், சுமப்பவனுக்குரிய விலையைக் கொடுக்க அறிந்த நாளில்தான் அச்சேனைக்குச் சோறு வந்தது. தாம் பிறந்த ஊரை விட்டுப் பிறர் ஊரின் சுமையைத் தாங்கி வாழும் நம்மவர்க்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.