வெயிலில் கிடக்கும் பக்கெட் பட்டென உடைவது ஏன்? சங்கிலி நீளம்தான் காரணம்!

மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட், தூக்கினதும் கைப்பிடியோடு உடைந்து வரும். காரணம், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு சங்கிலி.

சமையல் கேஸ், மெழுகுவர்த்தி, பாலித்தீன் பை... மூன்றிலும் முக்கியமாக இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். வித்தியாசம் சங்கிலியின் நீளத்தில்!

கேஸ்: 3 அல்லது 4 கார்பன்.
மெழுகு: சுமார் 20 முதல் 40. கிள்ளினாலே உடையும்.
பாலித்தீன்: ஆயிரக்கணக்கில். சங்கிலிகள் நூல்போல சிக்கிக்கிடப்பதால், இழுத்தால் நீளும், சட்டென அறாது.
லட்சத்தைத் தாண்டினால்? செயற்கை மூட்டு, குண்டு துளைக்காத கவசம் வரை செய்யலாம்.

பக்கெட்டும் நீளமான சங்கிலிகளால் ஆனதுதான். வெயிலின் புற ஊதாக்கதிர் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டாக்கும். சங்கிலி குட்டையானால் பிடிப்பு போய்விடும். நிறம் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி ஒட்டினால் உஷார்! அப்படி உதிர்வது நுண்பிளாஸ்டிக். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும். நிழலில் வைத்தாலே ஆயுள் கூடும்.