பழவேற்காட்டுப் பெயரும் சாயவேர்ச் சிவப்பும்

மலேசியத் தமிழரின் வரலாறு ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்குகிறது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தை மறுக்கும் சான்றொன்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூர்த் துணிக்கடைகளிலும் நாள்தோறும் விலைபோகிறது. 'காயின் பெலிகாட்' என மலாய்க்காரர் வழங்கும் கட்டம் போட்ட கைலியே அது. 'பெலிகாட்' என்பது சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் திரிபு.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் பணியாற்றிய போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ், பழவேற்காட்டுத் துணிகளைத் தமிழ் வணிகர் அங்குக் கொண்டுவந்ததைக் குறித்துள்ளார். 1511இல் மலாக்கா வீழ்ந்தபோது அவ்வணிகருள் ஒருவரான நைனா சாத்து பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தார். மலுக்குத் தீவுகளின் கிராம்புக்கும் பண்டாவின் சாதிக்காய்க்கும் மாற்றுப்பொருளாக நின்றது சோழமண்டலத் துணியே. அவ்வணிகத்தைக் கைப்பற்றவே டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் கால்பதித்தனர்.

அத்துணிகளுள் கட்டமிட்டவை தறியில் நெய்யப்பட்டவை; பூவும் கொடியும் கொண்டவை மர அச்சாலும் எழுதுகோலாலும் உருவாக்கப்பட்டவை. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், கடுக்காயோடு கூடிக் கருங்கோடாகும். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலை இட்டு, சாயவேரோடு கொதிக்கவைப்பர். படிகாரம் தொட்ட இடமே செந்நிறத்தைப் பற்றிக்கொள்ளும். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவர். வண்ணம் மேலே பூசப்படாமல் நூலோடு கலந்துவிடுவதால், துவைப்பினும் மங்குவதில்லை. ஐரோப்பியர் வியந்ததும் இதனையே.

வாங்குவோர் விருப்பமறிந்து அச்சு வெட்டியவர்கள் அக்கைவினைஞர். மலாய், ஜாவா மக்களுக்கெனத் துணியின் இருமுனைகளிலும் முக்கோண வரிசை அமைத்தனர். அதே வரிசையை இன்றும் பாத்தேக் துணிகளில் காணலாம்.

பிரிட்டிஷ் ஆலைகளின் மலிவான அச்சுத்துணி 19ஆம் நூற்றாண்டில் இவ்வணிகத்தைச் சாய்த்தது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1897இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவரும் அவுரி பயிரிட்டவரும் பிழைப்பிழந்தனர். தொழில் முற்றும் அழிந்திலது. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் எஞ்சிய கருப்பூர்க் கலம்காரி, 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

ரப்பர்த் தோட்டங்கள் இங்குப் பரவுவதற்கு 350 ஆண்டுகளுக்கும் முன்னரே தமிழர் இந்நாட்டுத் துறைமுகங்களில் வணிகராய் மதிக்கப்பட்டனர். தோட்டத்தில் சிந்திய வியர்வையை இது சிறுமைப்படுத்தாது. அவ்வியர்வைக்கு முன்னும் நமக்கொரு வரலாறு உண்டு என்பதையே காட்டுகிறது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் இளந்தலைமுறைக்கு, உடுத்தும் கைலியின் பெயரைக் கொண்டே அதனைக் கற்பிக்கலாம். கற்பிக்கத் தவறினால் சொல் மட்டும் மலாய் மொழியில் வாழும். அதன் பொருளைத் தமிழர் மறந்திருப்பர்.