ஈற்றொலிக்கு எந்த எழுத்து? ஹங்குல் எழுதுமுறையில் ஒரு தீராத வழக்கு

ஹங்குல் என்னும் கொரிய எழுதுமுறையில் மிகச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதும் மிக நீண்ட வழக்குக்கு இடம் தந்ததும் ஈற்றொலி, அதாவது அசையின் இறுதி மெய், பற்றிய விதி. கொரிய மன்னர் செஜொங் 1446இல் வெளியிட்ட ‘ஹுன்மின்ஜொங்உம்’ மூலநூல் அதற்கு ஆறே சீன எழுத்துகளைச் செலவிடுகிறது. ஈற்றொலிக்கு முதலொலியின் எழுத்துகளையே மீண்டும் எடுத்தாள வேண்டும் என்பது அதன் பொருள். மற்ற விதிகளில் குழப்பமில்லை. 17 மெய், 11 உயிர் என எழுத்துகள் 28. அவை அசையாகக் கூடியே ஒலி பெறும். சில உயிர்கள் முதல்மெய்யின் கீழேயும் மற்றவை வலப்பக்கமும் அமையும். அசையின் இடப்பக்கம் ஒரு புள்ளி இட்டால் உயர்ந்த தொனி, இரண்டு இட்டால் ஏறும் தொனி, புள்ளி இல்லையேல் தாழ்ந்த தொனி.

ஈற்று விதியோ இரு வகையாகப் பொருள்படும். ஈற்றுக்கெனப் புது எழுத்துகள் படைக்கவில்லை என்று மட்டும் அது சொல்லியிருக்கலாம். எல்லா மெய்களும் ஈற்றில் எழுதப்பட வேண்டும் என்றும் கொள்ளலாம். அதே ஆண்டு ஜொங் இன்-ஜி தலைமையில் எட்டு அறிஞர்கள் எழுதிய விளக்கவுரை, ஈற்றுக்கு க, ங, த, ந, ப, ம, ஸ, ல ஆகிய எட்டு ஒலிகளுக்குரிய எழுத்துகளே போதும் என்கிறது. அதன் சொற்பட்டியலில் உள்ள 94 சொற்களில் 16 இந்த எட்டு ஈறுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டாக, எடுத்துக்காட்டு.

கொரிய மொழி வரலாற்றை எழுதியோருள் முதன்மையானவரான லீ கி-மூன், இந்த இடைவெளியை மன்னரின் தனி விருப்பத்தைக் கொண்டு விளக்கினார். ‘பூ’ என்னும் கொரியச் சொல்லின் ஈறு தனித்து நிற்கையில் ஸ என ஒலிக்கும். வருமொழி முதலில் உயிர் வந்தால் ஜ என வெளிப்படும். எட்டெழுத்து முறையில் தனித்து நிற்கும் பூவுக்கு ஸ எழுதினால் போதும். ‘யொங்பியொச்சொன்கா’ (1447), ‘வொரின் சொன்காங் ஜிகோக்’ ஆகிய இரு நூல்கள் மட்டும் அங்கும் ஜ எழுதிச் சொல்லின் அடிவடிவைக் காக்கின்றன. பின்னது செஜொங்கே இயற்றிய புத்தர் புகழ்ப்பாடல். ஆகவே அடிவடிவை எழுதும் முறை மன்னருடையது, ஒலித்தபடி எழுதும் முறை அறிஞர்களுடையது என்ற முடிவு பிறந்தது.

இம்முடிவுக்குப் பெருவலிமை தருவது வொரின் நூலின் எஞ்சிய முதல் தொகுதி. அதில் அச்சான பிறகு ஈற்றெழுத்துகள் திருத்தப்பட்டுள்ளன. ஸ வடிவின் தலையில் ஒரு கோடு சேர்ந்தால் ஜ ஆகிவிடும் என்பதால் திருத்தம் எளிது. ஒலித்தபடி அச்சுக் கோத்ததை ஒருவர் வேண்டுமென்றே அடிவடிவுக்கு மாற்றியிருக்கிறார். பிழைதிருத்தம் என்று இதை ஒதுக்க முடியாது. எழுதுமுறை பற்றிய ஒரு கொள்கை தாளிலேயே பதிந்திருக்கிறது. ஆனால் திருத்தியவர் யார் என்பதற்குச் சான்றில்லை. நூலின் ஆண்டே உறுதியாகவில்லை. 1447 என்போரும் அதற்குச் சற்றுப் பிந்தியது என்போரும் உண்டு. செஜொங் 1450இல் மறைந்தார். திருத்தக்கோடுகள் அவர் காலத்தவை என்பது நிகழக்கூடியதே, நிறுவப்பட்டதன்று.

லீயின் பிரிவினை உண்மையில் இடறுவது யொங்பியொச்சொன்காவில். அதை இயற்றிய மூவரில் ஒருவர் ஜொங் இன்-ஜி. எட்டெழுத்து போதும் என்ற விளக்கவுரைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விளக்கவுரைக் குழுவினர் சிலர் யொங்பியின் உரைப்பணியிலும் இருந்தனர். ஒரே கைகள் இரு முறைகளிலும் எழுதியிருக்க, மன்னர் ஒருபுறம் அறிஞர் மறுபுறம் என்று பிரிப்பது எப்படி? யொங்பியிலும் மன்னர் தலையிட்டார் என்று விடை கூறலாம். அப்படியானால் இரு நூல்களும் ஒத்திருக்க வேண்டும், அவை ஒத்தில்லை. வொரின் நூல் பெயர்ச்சொல்லின் ந, ம, ல போன்ற ஈறுகளை அடுத்த உயிரோடு சேர்க்காமல் பிரித்து நிறுத்துகிறது. யொங்பி அவற்றை அடுத்த அசைக்கே தள்ளிவிடுகிறது. மன்னரின் சொந்த நூலே மிகத் தொலைவு சென்றது என்பது லீக்குச் சாதகமான செய்தி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளக்கவுரையின் ஓர் எடுத்துக்காட்டு போதிய கவனம் பெறவில்லை. ‘பேரிப்பூ’, ‘நரித்தோல்’ ஆகிய தொடர்களை ஈறுகள் வேறுபடும்படி முழுமையாக எழுதிக் காட்டிய பிறகே, இவை அனைத்துக்கும் ஸ ஒன்றே பொதுவாக வழங்கலாம் என்கிறது உரை. ‘வழங்கலாம்’ என்பது அனுமதி. முழு வடிவை அறியாதவர்கள் இப்படி எழுதிக் காட்டியிருக்க முடியாது. கற்போருக்கு எளிய வழியாகவும், புலமையோருக்கு முழு வழியாகவும் இரண்டையும் அக்குழு ஏற்றது என்று கொள்வதே பொருந்தும். அந்நிலையில் மூலநூலின் ஆறு எழுத்துகளை எழுத்துப் படைப்பு பற்றிய கூற்றாக மட்டும் வாசிக்கலாம். இரு முறைகளும் அதனோடு முரண்படவில்லை. ஒரே எடுத்துக்காட்டின் மேல் நிற்கும் வாசிப்பு இது. ஆயினும் மன்னர் மனத்தை ஊகிப்பதைவிட இதற்குப் பிடிமானம் அதிகம்.

நடைமுறையில் எளிய வழி வென்றது. இளவரசர் சுயாங் 1447இல் தொகுத்த ‘சொக்போ சங்ஜொல்’ எட்டெழுத்தையே பின்பற்றியது. மொழியறிஞர் சோய் செஜின் 1527இல் அவ்வெட்டையும் முதலுக்கும் ஈற்றுக்கும் உரியவை என வகைப்படுத்தினார். பின்னர் ஈற்றுத் தகரமும் ஸகரமும் ஒலியில் ஒன்றாக, எட்டு ஏழாயிற்று. தொனிப் புள்ளிகளும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வழக்கிழந்தன. அடிவடிவை எழுதும் முறைக்குப் புத்துயிர் தந்தவர் 1914இல் மறைந்த மொழியறிஞர் ஜு சி-கியொங். அவருடைய மாணவர் வழியினர் 1933இல் கொரிய மொழிக் கழகத்தின் எழுதுமுறை ஒருங்கிணைப்பில் அதை விதியாக்கினர். இன்றைய தென்கொரிய எழுத்தில் ஈற்று வடிவங்கள் 27. தனித்து ஒலிக்கையில் அவை ஏழு ஒலிகளாகவே கேட்கும்.