அமர் சித்ர கதாவா, பீமாயணமா? எங்களுக்குள் தீராத ஒரு சண்டை

தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "முத்துவா, லயனா?" என்பதுதான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் வந்தபோது மாடஸ்டி பிளைசியைக் கூட்டிக்கொண்டு வந்தது. பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த இதழ்களைத் தேடிய எங்களுக்கும் இதில் கட்சி உண்டு (மாயாவி கட்சிதான், அதில் பேச்சே இல்லை). அந்தச் சண்டை சிரிப்பில் முடிந்துவிடும். அம்பேத்கரைப் பற்றிய படக்கதைகளில் எது சிறந்தது என்று பேச ஆரம்பித்தால் மட்டும் எங்கள் தோழர்கள் நள்ளிரவு ஆனாலும் எழுந்து போவதில்லை.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. பாபாசாகேபை யார் வரைவது, எப்படி வரைவது என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் பெரும்பகுதி கசப்பானது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் வெடித்த விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்புப் பாடநூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது. அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சவுக்கோடு நிற்பார். நம் ஊர் திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அன்று ஊடகங்களில் பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: "தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை, கருத்துச் சுதந்திரம் புரியவில்லை."

பதில் 2019இல் ஒரு புத்தகமாக வந்தது. ஆய்வாளரும் கேலிச்சித்திரக்காரருமான உன்னமதி சியாம் சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கில இதழ்களில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடித் தொகுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினால் அண்ணல் சிறுவனாக, பெண்ணாக, மற்ற தலைவர்களின் காலடியில் சிறுத்த உருவமாக வருகிறார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் நகைச்சுவை என்று சொல்லிவிடலாம். இருபத்து நான்கு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அம்பேத்கர் படக்கதை என்றால் நாம் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது சண்டைக்கு வருவோம். அமர் சித்ர கதாவை 1967இல் தொடங்கியவர் அனந்த் பை. தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் கிரேக்கக் கடவுள்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை, அதைப் பார்த்துத் தொடங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்திய வரிசை கிருஷ்ணரில் ஆரம்பித்தது. ராமன், சிவாஜி, ராணா பிரதாப் என்று போய்க்கொண்டிருந்த அந்த வரிசையில் 1979இல் அம்பேத்கர் வந்தார். ஓவியம் திலீப் கதம்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். அம்பேத்கருக்குப் பாரத ரத்னா கிடைக்க இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தன. அவருடைய எழுத்துகளை மகாராஷ்டிர அரசு தொகுத்து வெளியிடத் தொடங்கியதே அதே 1979இல்தான். பல பள்ளி நூலகங்களில் அவரைப் பற்றி வேறு ஒரு புத்தகமும் இல்லாத காலம். அந்த 32 பக்க வண்ணப் புத்தகத்தைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு "நம்ம ஆளும் இதில் இருக்கிறார்" என்று தோன்றியிருக்கும். எங்கள் மூத்த தோழர்கள் அமர் சித்ர கதா பக்கம் நிற்பது இதனால்தான். பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாகச் சொல்கிறது, எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது என்பார்கள். நியாயம்தான்.

எங்கள் குறை அதன் அச்சைப் பற்றியது. ராமனுக்கு எந்த அச்சோ சிவாஜிக்கும் அதே அச்சு, அம்பேத்கருக்கும் அதே அச்சு. ஒரு மாவீரன் பிறக்கிறான், துன்பப்படுகிறான், தன் திறமையால் வெல்கிறான். ராஜாக்களின் கதைக்கு இது பொருந்தும். சாதிக்குப் பொருந்தாது. சாதி ஒருவரின் இளமைக்கால இடையூறாகி, நன்றாகப் படித்தால் தாண்டிவிடலாம் என்றாகிவிடுகிறது. மேலும், வர்ணத்தைக் கேள்வி கேட்காத கதைகள் வரிசையாக நிற்கும் அலமாரியில் இவரையும் ஒரு எண் போட்டு நிறுத்தினால், சண்டை போட்டவரும் சண்டைக்குக் காரணமானதும் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக நிற்பதுபோல் ஆகிறது.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அண்ணல் தன் தீண்டாமை அனுபவங்களைத் தானே எழுதிவைத்த சிறு கையெழுத்துப் பிரதி, 'விசாவுக்காகக் காத்திருத்தல்', 1990இல்தான் மக்கள் கல்விக் கழகத்தால் தனி நூலாக அச்சில் வந்தது. 1979இல் எழுதியவர்கள் கையில் அது இல்லை. அதைப் படித்துவிட்டு வரைந்திருந்தால் அந்த அச்சு தாங்கியிருக்குமா என்பது நல்ல கேள்வி. ஏனென்றால் அந்தப் பிரதியில் வெற்றியே கிடையாது. 1901இல் ஒன்பது வயதுப் பையன் தந்தையைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் மறுக்கிறார். இரட்டைக் கூலி கொடுத்துப் பிள்ளைகளே ஓட்டிப் போகிறார்கள், இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவரைப் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்துகிறார்கள். 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுக்க, ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி வண்டி கவிழ்கிறது. 1934இல் தௌலதாபாத் கோட்டையருகே குளம் தீட்டாகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறார்கள். படித்த பிறகும், பதவி வந்த பிறகும், மதம் மாறி மாறிப் பார்த்தாலும் அதே சாதி.

2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' நிற்பது இந்தப் பிரதியின் மேல்தான். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். ஓவியம் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். தமிழிலும் வந்திருக்கிறது. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மூன்று பகுதி. வியாம் தம்பதியர் கட்டம் போட்டு வரைய மறுத்துவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சுத் திணறும் என்பது அவர்கள் வாதம். அதனால் பக்கம் முழுக்கக் கோலம்போல் விரிகிறது. ரயில் பாம்பாகிறது, கோட்டை மிருகமாகிறது. மஹத் கூட்டத்தில் அம்பேத்கர் பேசும்போது ஒலிபெருக்கிகள் பூவாளிபோல் மாறி மக்கள்மேல் தண்ணீர் தூவுகின்றன. எங்களுக்கு ரொம்பப் பிடித்தது பேச்சு பலூன்கள். சாதியை நேசிப்பவர் பேசினால் பலூனுக்குத் தேள் கொடுக்கு முளைக்கும். மென்மையாகப் பேசுபவரின் பலூன் பறவை வடிவில் இருக்கும். மனதில் நினைப்பதற்கு ஒரு கண். வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுத்தால், எழுத்தைப் படிக்கும் முன்பே எது கொடுக்கு எது பறவை என்று விரல் வைத்துக் காட்டிவிடுகிறார்கள்.

கதையும் அந்தக் காலத்தோடு நிற்கவில்லை. இட ஒதுக்கீட்டைத் திட்டும் இன்றைய இளைஞன் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் புலம்ப, அவனுக்குப் பதிலாகத்தான் அண்ணலின் வாழ்க்கை சொல்லப்படுகிறது. அந்த இளைஞனை நாம் எல்லோரும் கல்லூரியில் சந்தித்திருக்கிறோம்.

பீமாயணத்தின் மீதும் புகார் உண்டு. வரிசையாக வாழ்க்கை வரலாறு வேண்டும் என்பவருக்கு அது போதாது, பூனா ஒப்பந்தத்தைத் தேடினால் ஏமாற்றம். விலையும் கிராமத்துப் பிள்ளை வாங்கும் விலை இல்லை. "அம்பேத்கரை வரைய ஒரு தலித் ஓவியர் கிடைக்கவில்லையா?" என்ற கேள்வியும் வருகிறது. நவயானாவை 2003இல் ஆனந்தோடு சேர்ந்து தொடங்கியவர் நம் ரவிக்குமார் என்று ஒருவர் நினைவூட்டுவார். ஓவியர்கள் ஆதிவாசிகள், அவர்களுக்கும் இந்த நாட்டின் கட்டங்களைப் பற்றித் தெரியும் என்று இன்னொருவர் சொல்வார். கேள்வி அப்படியும் தீராது. தீரவும் வேண்டாம்.

அதே 2011இல் ஸ்ரீவித்யா நடராஜனும் அபராஜிதா நினானும் ஜோதிராவ் புலேயின் 'குலாம்கிரி'யைக் கறுப்பு வெள்ளைப் படக்கதையாக்கினார்கள். 1873இல் புலே அந்த நூலைக் காணிக்கையாக்கியது, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு. அந்த அமெரிக்காவில் படக்கதை என்ன செய்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கோமெரி பேருந்துப் புறக்கணிப்பும் பற்றிப் பத்து சென்ட் விலையில் ஒரு சிறு காமிக்ஸ் வந்தது. வரைந்தவர் சை பேரி, பின்னாளில் நம் வேதாளரை வரைந்த அதே கை. வீரனின் கதையோடு அது நிற்கவில்லை. அடித்தால் என்ன செய்வது, எப்படித் திரள்வது என்று கடைசிப் பக்கங்களில் செய்முறை இருந்தது. மாணவராக அதைப் படித்த ஜான் லூயிஸ், பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் போராட்ட வாழ்க்கையையே 'மார்ச்' என்று மூன்று பாகப் படக்கதையாக எழுதினார். 2016இல் அதன் மூன்றாம் பாகத்துக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

எங்களில் சிலர் இப்போது இரட்டைமலை சீனிவாசனைப் படக்கதையாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வரையத் தெரிந்த தோழர்கள் எழுதுங்கள். முதல் பக்கம் இன்னும் முடியவில்லை. கட்டம் போடுவதா வேண்டாமா என்பதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.